இரவல் போன குரல்

மேற்கு பெர்லின்
14 செப்டம்பர் 1964

அன்புள்ள ரோஸ்விதா,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் நீ இதை அடுப்பில் போட்டிருக்கலாம். போடாமல் பிரித்திருந்தால் தயவுசெய்து உட்கார்ந்து படி. யாரும் சாகவில்லை. எனக்கு உடம்புக்கும் ஒன்றுமில்லை.

போன வியாழக்கிழமை என் புதுப் படம் வெளியானது. குதிரைப் படம் இல்லை. மலைக் கிராமத்து டாக்டர் வேஷம். இத்தனை வருஷமாக டப்பிங் இருட்டறையில் நின்று குதிரைப் படங்களில் அமெரிக்க நடிகர் ராய் ஹாலோவேக்கு ஜெர்மன் பேசிப் பிழைக்கிறவனுக்கு, சொந்த முகத்தைக் காட்ட ஒரு வேஷம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார். புதுக் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டு போனேன். விளக்கு அணைந்தது. திரையில் நான் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். தொப்பியைக் கழற்றினேன். வாயைத் திறந்தேன். வேறு எவனோ பேசினான்.

முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இல்லை. கடைசி வரைக்கும் அவனேதான் பேசினான். படம் முடிந்து விருந்தில் தயாரிப்பாளர் ஹெர்ரிங் மீன் தட்டோடு பக்கத்தில் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க, ப்ரிங்க்மான். உங்க குரலைக் கேட்டாலே ஜனங்க உங்க காலுக்குக் கீழே குதிரையைத் தேடுறாங்க. சோதனைக் காட்சியில நீங்க பையிலேர்ந்து ஊசியை எடுக்கிறீங்க, கொட்டகையே குனியுது, துப்பாக்கின்னு நினைச்சு. நாங்க என்ன செய்யறது? ஹாம்பர்க்லேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேச வெச்சோம்."

நல்ல குரல்தான் அவனுக்கு. அதுதான் எரிச்சல்.

பத்து வருஷத்துக்கு முன்னால் என் முதல் படத்தில் என் பாட்டை எடுத்துவிட்டு இசைத்தட்டுப் பாடகன் ஒருவனைப் பாட வைத்தார்கள். அன்றைக்கு நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "நீ சட்டை மாட்டுற ஆணி, ஹார்ட்முட். யார் சட்டையை வேணும்னாலும் உன் மேல மாட்டுவாங்க." அதற்கு நான் கத்தியதும், நம் ஊர் நாடக மன்றத்தை 'மாட்டுக் கொட்டகை' என்றதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் உனக்கும் மறந்திருக்காது. அதற்குப் பிறகு நான் ஒரு வரி பாடியதில்லை.

இங்கே என் தெரு ரொட்டிக்கடைக்காரிக்கு இன்று வரை என் பெயர் தெரியாது. நான் வாயைத் திறந்தால், "ஒரே ஒரு தடவை 'கையைத் தூக்கு, தம்பி' சொல்லுங்க சார், என் வீட்டுக்காரர் கேக்கட்டும்" என்கிறாள். நானும் சொல்கிறேன். ஒரு இனிப்பு பன் சேர்த்துப் போடுகிறாள்.

ஆக, முகம் என்னுடையது, பேச்சு அமெரிக்காக்காரனுடையது, பாட்டு எவனுடையதோ. எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது, ரோஸி. அந்த மாட்டுக் கொட்டகையில் எனக்கு ஏதாவது வேஷம் கிடைக்குமா? கதவு திறக்கிற வேலைக்காரன் என்றாலும் சரி. என் வாயிலிருந்து என் குரல் வர வேண்டும். அதைக் கேட்டு யாராவது ஒருத்தர் "இது ப்ரிங்க்மான்" என்று சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

உன்
ஹார்ட்முட்

*

மார்ஃபெல்ட்
21 செப்டம்பர் 1964

ஹார்ட்முட்,

'அன்புள்ள' போடலாமா என்று யோசித்தேன். முதலில் திட்டித் தீர்க்கிறேன். மிச்சம் இருந்தால் பிறகு பார்க்கலாம்.

பத்து வருஷமாக உன் ஒவ்வொரு படமும் வெளியாகும்போது உனக்கு ஒரு தபால் அட்டை போட்டேன். ஹாலோவே படம் உட்பட. அட்டையில் 'தூ தூ தூ' மட்டும்தான் எழுதினேன், வேறு ஒரு சொல் இல்லை. விவாகரத்து ஆனால் என்ன, மேடை ஏறுகிறவனின் இடது தோளுக்கு மேலே மூன்று தரம் துப்பித் திருஷ்டி கழிக்காமல் அனுப்பினால் என் மனசு கேட்காது. ஒன்றுக்காவது பதில் போட்டாயா? குப்பைக்கூடையில் போயிருக்கும் என்று நினைத்து நினைத்தே அடுத்ததையும் வாங்கி எழுதினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

உன் டாக்டர் படம் இங்கே இன்னும் வரவில்லை. குதிரைப் படம் எல்லாம் பார்த்துவிட்டேன். ரயிலடிக் கொட்டகையில் நானும் எர்னாவும் போவோம். எர்னா இன்னும் மேடைக்கு முன்னால் அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்துதான் எங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறாள். பழக்க தோஷம், கொட்டகையிலும் ஹாலோவேக்கு உதட்டை அசைத்து எடுத்துக் கொடுப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடினால் நீ சமையலறையில் நின்று பேசுவது மாதிரி இருக்கும். திறந்தால் எவனோ தொப்பிக்காரன். பாதிப் படத்தில் உன்னைச் சுட்டுவிடுகிறார்கள். அப்போது மட்டும் மிட்டாய் மெல்லுவதை நிறுத்துவேன்.

என் கதையும் கேள். போன வருஷம் என்னை 'நகைச்சுவைக் கிழவி' வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். ஒப்பந்தத்திலேயே அந்தப் பெயர்தான். எனக்கு நாற்பத்தேழு. பல் எல்லாம் என்னுடையது. உன் குரலைத் திருடினார்கள் என்கிறாய், என் இடுப்பைத் திருடிவிட்டு ஒரு அகப்பையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் 'மஞ்சள் விளக்கு விடுதி' போடுகிறார்கள். ஆமாம், அதேதான். 1951-ல் நீயும் நானும் காதல் ஜோடியாக வந்து ஊரையே அழ வைத்தோமே, அது. இந்தத் தடவை நான் சமையற்காரி. விடுதிக்காரன் வேஷத்துக்கு ஆள் இல்லை, போடுவதாக இருந்தவர் கஸ்ஸல் ஊர் நாடக மன்றத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் அங்கத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, உனக்கே தெரியும். 'ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விளக்கு.' பாடியே ஆக வேண்டும்.

மன்றத்துப் புது மேலாளர் டாக்டர் டெம்ப்லினிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நீ சரி என்றால் திறக்கிறேன்.

ரோஸ்விதா

(மிச்சம் கொஞ்சம் இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.)

*

மேற்கு பெர்லின்
29 செப்டம்பர் 1964

அன்புள்ள ரோஸி,

தபால் அட்டைகள் குப்பைக்கூடைக்குப் போகவில்லை. அத்தனையும் என் சவரக் கண்ணாடியின் சட்டத்தில் செருகியிருக்கின்றன. இப்போது முகம் பார்க்க நடுவில் கொஞ்சம் இடம்தான் இருக்கிறது. ஏன் பதில் போடவில்லை என்று கேட்கிறாய். 'தூ தூ தூ' சொன்னவருக்கு நன்றி சொன்னால் கழித்த திருஷ்டி திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும், செத்தாலும் சொல்லாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

படம் ஓடி முடிந்த பிறகு போட்டிருக்கலாமே என்பாய். நாடகம் என்றால் கடைசி ஆட்டம் என்று ஒன்று உண்டு, அது முடிந்தால் நன்றி சொல்லலாம். சினிமா எப்போது முடிகிறது? எங்கேயோ ஒரு ஊரில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நொண்டிச் சாக்குதான். வெட்கமாக இருந்தது, அதுதான் நிஜம். நீ சொன்ன ஆணியாகவே ஆகிவிட்டேன் என்று உனக்கு எப்படி எழுதுவது?

பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். டப்பிங்கில் பாட்டைத் தொட எங்களை விட மாட்டார்கள். ஹாலோவே குதிரை மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்தால் அதை அப்படியே ஆங்கிலத்தில் விட்டுவிடுவார்கள். நான் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வருவேன். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் சவரம் செய்யும்போது மெதுவாக 'ஆற்றுக்கு அக்கரையில்' என்று எடுத்துப் பார்த்தேன். கீழ்வீட்டு பெல்லிங் அம்மா துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள். பிறகு மேலேயே ஏறி வந்துவிட்டாள். "என்ன சார், உடம்பு சரியில்லையா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

அப்படி இருக்கிறது நிலைமை. ஆனாலும் டெம்ப்லினிடம் வாயைத் திற.

ஹார்ட்முட்

*

மார்ஃபெல்ட்
8 அக்டோபர் 1964

ஹார்ட்முட்,

திறந்தேன். ஏன் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

உன் பெயரைச் சொன்னதும் டாக்டர் டெம்ப்லின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் என்றே தெரியவில்லை அவருக்கு. ஹாலோவேக்குப் பேசுகிறவர் என்றேன். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அவரா? முன்னாடியே சொல்லக் கூடாதா, ரோஸ்விதா அம்மா. சுவரொட்டியில 'ராய் ஹாலோவேயின் குரல், மேடையில் நேரில்'னு பெரிசாப் போட்டுடலாம். ப்ரிங்க்மான் பேரைக் கீழே சின்னதாப் போட்டுக்கலாம்."

நான் சண்டை போட்டேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். திரும்பப் போய் மறுபடி சண்டை போட்டேன். சுவரொட்டி இல்லையென்றால் நீயும் இல்லை என்கிறார் மனிதர். கொட்டகை பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது, அவர் கவலை அவருக்கு.

உன்னிடம் மறைத்துக் கூட்டிக்கொண்டு வர எனக்கு இஷ்டமில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். பொய். நினைத்துக்கொள்வேன், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

ரோஸ்விதா

*

மேற்கு பெர்லின்
13 அக்டோபர் 1964

அன்புள்ள ரோஸி,

போட்டுக்கொள்ளட்டும். சுவரொட்டி வாசலில்தானே இருக்கும், நான் உள்ளே இருப்பேன். டிசம்பர் நடுவில் ஒத்திகைக்கு வந்துவிடுகிறேன். ரயிலடிப் பக்கம் எங்கேயாவது ஒரு அறை பார்த்து வை. பாடிப் பழக வேண்டும், செவிட்டு வீட்டுக்காரி கிடைத்தால் நல்லது.

ஹார்ட்முட்

*

மேற்கு பெர்லின்
1 பிப்ரவரி 1965

ரோஸ்விதா,

சொல்லாமல் வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் ரயில். காதுக்குப் பின்னால் இன்னும் சாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தேய்த்தாலும் போக மாட்டேன் என்கிறது.

எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் காரணம். ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம், எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. உன் வீட்டு உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டு எனக்குச் சதை கூடப் போட்டது. சனிக்கிழமை அரங்கேற்றம். திரை எழும் முன் பக்கத் திரைக்குப் பின்னால் நீ அகப்பையோடு வந்தாய், என் இடது தோளுக்கு மேலே 'தூ தூ தூ' என்றாய், நான் உன் முகத்தைப் பார்த்து "நன்றி" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. டப்பிங் அறையில் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "நன்றி, ப்ரிங்க்மான்" என்பார்கள். நானும் "நன்றி" என்பேன். நாள் முழுக்க நன்றி நன்றி என்று சொல்லி வாய் பழகிவிட்டது. மேடைக்காரன் எவனாவது அதைச் சொல்வானா? அங்கே காவலுக்கு நின்ற தீயணைப்புக்காரர் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ வெளுத்துப்போனாய். நான் பார்த்தேன்.

உன் அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு மேடை ஏறினேன். முதல் வசனம், "கதவைச் சாத்து, குளிர் அடிக்குது." குழந்தை கூடச் சொல்லும். மாடி இருக்கையிலிருந்து ஒருத்தன், "முதல்ல கையைத் தூக்கச் சொல்லு" என்று கத்தினான். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் சிரிப்பு. செத்துப்போன மனைவியைப் பற்றிப் பேசுகிற இடத்தில் கூட. இரண்டாம் அங்கத்தில் இசைக்குழுத் தலைவர் கோலைத் தூக்கியபோது என் வாய் திறக்கவில்லை. கதவு இருந்த பக்கம் நடந்து வெளியே போய்விட்டேன். நீ அகப்பையோடு முன்னால் வந்து என் பாட்டை உன் பாட்டாகப் பாடி நாடகத்தைக் காப்பாற்றினாய். பின்னால் இருட்டில் நின்று கேட்டேன். நன்றாகப் பாடினாய்.

அடுத்த ஆட்டத்துக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள். டெம்ப்லினுக்குத் தனியாக எழுதுகிறேன். இங்கே மார்ச்சில் ஹாலோவேயின் புதுப் படம் இருக்கிறது. அந்த இருட்டறையில் என்னைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஹார்ட்முட்

*

மார்ஃபெல்ட்
4 பிப்ரவரி 1965

ஏய் ஹார்ட்முட்,

டெம்ப்லினுக்கு எழுதினாயா? எழுதியிருந்தாலும் கவலையில்லை. தபால்காரரை வாசலிலேயே மடக்கி உன் கடிதம் வந்தால் என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சட்டப்படி தப்பாம். அவரும் நம் மன்றத்துச் சனிக்கிழமைச் சந்தாக்காரர், சரி என்றுவிட்டார்.

முதலில் அந்த நன்றி. நான் வெளுத்துப்போனது திருஷ்டிக்குப் பயந்து என்றா நினைத்தாய்? மண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்று வரை உன் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நன்றி அது. சட்டை தைத்துக் கொடுத்தபோது வரவில்லை, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வரவில்லை. திரை எழப்போகிற நேரத்தில், அகப்பையும் கையுமாக நான் நிற்கும்போது வந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தால் கிழவிச் சாயம் கலைந்துவிடும், அதையும் பார்க்க வேண்டுமே.

என் கோபம் வேறு. அவர்கள் சிரித்ததற்கு நீ பொறுப்பில்லை. வாசலில் ஹாலோவே என்று எழுதிவிட்டு உள்ளே விடுதிக்காரனைக் காட்டினால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நீ பாடாமல் போனாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. அமெரிக்காக்காரன் உன்னிடமிருந்து பேச்சைத்தான் எடுத்தான். பாட்டை அவன் தொட்டதே இல்லை என்று நீயே கடிதத்தில் சொன்னாய். அந்த முதல் படத்தில் எவனோ பாடினான், அவ்வளவுதான், உன் பாட்டு பத்து வருஷமாக உனக்குள்ளேதான் கிடக்கிறது. யாரும் எடுக்காததை நீயே ஏன் பூட்டி வைக்கிறாய்?

இப்போது நடந்ததைக் கேள். நானும் எர்னாவும் டெம்ப்லின் அறைக்குப் போய், ஹாலோவே பெயரைக் கிழிக்காவிட்டால் நான் மேடை ஏற மாட்டேன் என்றோம். "வேடிக்கை பண்ணாதீங்கம்மா" என்றார். "வேஷம்தான் நகைச்சுவை, டாக்டர். அதைப் போடுற கிழவி இல்லை" என்றேன். எர்னா ஒரு படி மேலே போய், தான் வராவிட்டால் யாருக்கும் வசனம் ஞாபகம் வராது என்று அமைதியாகச் சொன்னாள். இன்று காலை ஊர் முழுக்க வெள்ளைக் காகிதம் ஒட்டி அந்தப் பெயரை மறைத்துவிட்டார்கள். 'ஹார்ட்முட் ப்ரிங்க்மான்' மட்டும் கீழே சின்னதாக நிற்கிறது. சின்னதுதான், ஆனால் தனியாக நிற்கிறது.

அடுத்த ஆட்டம் பதின்மூன்றாம் தேதி. சந்தாக்காரர்கள் ஆட்டம். எந்த நாடகம் போட்டாலும் அதே இருக்கையில் வந்து உட்காருகிறவர்கள். குதிரைப் படம் பார்க்கிற கூட்டம் இல்லை, பாதிப் பேர் 1951-ல் நம்மைப் பார்த்தவர்கள். இசைக்குழுத் தலைவர் பாட்டை இரண்டு சுரம் இறக்கி எழுதிவிட்டார். நீ அந்த உயரத்துக்கு ஏற வேண்டாம், அது கீழே இறங்கி வந்திருக்கிறது.

நீ வராவிட்டால் நான் பாடிவிடுவேன். எனக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு உன் குரல் எது என்று இந்த உலகத்தில் எனக்கும் பெல்லிங் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

தூ தூ தூ. இந்தத் தடவை வாயை மூடிக்கொள்.

ரோஸ்விதா

*

மேற்கு பெர்லின்
15 பிப்ரவரி 1965

அன்புள்ள ரோஸி,

ஞாயிற்றுக்கிழமை அவசரமாகக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. இந்தத் தடவை ஓடி வரவில்லை, இன்று காலை டப்பிங் இருந்தது. உன்னிடம் ஒழுங்காகப் பேசவே முடியவில்லை. பக்கத் திரையில் நின்ற உனக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும். முன்னால் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

வரும்போதே மனசு சரியில்லை. எல்லைச் சோதனையில் கிழக்கு ஜெர்மன் காவலர் என் கடவுச்சீட்டை வாங்கினார். எங்கே போகிறீர்கள் என்றார், மார்ஃபெல்ட் என்றேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். அமெரிக்கப் படம் பார்க்கிறவர் என்று தெரிந்தால் அவர் வேலைக்கு ஆபத்து, கதவுப் பக்கம் திரும்பி யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "ஹாலோவே?" என்றார் மெதுவாக. இல்லை, ப்ரிங்க்மான் என்றேன். கடவுச்சீட்டில் இருந்த பெயரே அதுதான். அவர் ஏமாந்துபோய் முத்திரை குத்தினார்.

மேடைக்கு வந்தேன். "கதவைச் சாத்து, குளிர் அடிக்குது." மாடி அமைதியாக இருந்தது. ஆனால் இடது பக்கத்தில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள், பக்கத்தில் இருந்தவள் அவளை அடக்கினாள். அது போதும் எனக்கு. அடுத்த வசனம் மறந்துவிட்டது. எர்னா பொந்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கிறாள், காதில் விழுகிறது, வாயில் வரவில்லை. நீ வர இன்னும் இரண்டு வசனம் இருக்கிறது. என் கை தானாகவே இசைக்குழுத் தலைவரைப் பார்த்து உயர்ந்தது. தைரியத்தில் இல்லை, மூழ்குகிறவன் கையைத் தூக்குவானே, அப்படித்தான். அவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாம் அங்கத்துப் பக்கத்தைப் புரட்டினார். கீழே எர்னாவும் புரட்டுகிற சத்தம் கேட்டது.

பாடினேன். இரண்டு சுரம் இறக்கியும் நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வரிகள் தெரிந்திருக்கின்றன, ரோஸி. அவர் மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். களுக்கென்று சிரித்தவள் கைப்பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். 'அணைக்காதே, நான் வருகிறேன்' என்று முடித்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க மறுபடியும், "கதவைச் சாத்து, குளிர் அடிக்குது" என்றேன். நீ உள்ளே வந்து நாடகத்தில் உள்ள உன் பதிலையே எடுத்து, "சாத்தறதுக்குக் கதவு எங்கே? அதைத்தான் போன வாரம் அடுப்புல வெச்சு எரிச்சுட்டீங்களே" என்றாய். சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள்.

முடிந்த பிறகு தொப்பியை இறக்கிக்கொண்டு கோட்டு வாங்குகிற இடத்தில் கூட்டத்தோடு நின்றேன். யாராவது என் பெயரைச் சொல்கிறார்களா என்று கேட்கத்தான். அற்பத்தனம்தான். பனியைப் பற்றிப் பேசினார்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள், ஒருத்தர் குடையைக் காணோம் என்றார். பேராசைப்படக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை இருட்டறையில் ஒரு பழைய படத்துக்காக ஹாலோவே மறுபடியும் செத்தார். முன்னைவிட நன்றாகச் சாகிறேன் என்றார்கள். இருபத்தேழாம் தேதி ஆட்டத்துக்கு வந்துவிடுவேன்.

உன்
ஹார்ட்முட்

(உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்னும் ஆட்டங்கள் இருப்பதால் சொல்லவில்லை.)

*

மார்ஃபெல்ட்
26 ஏப்ரல் 1965

அன்புள்ள ஹார்ட்முட்,

போட்டுவிட்டேன், பார்த்தாயா. எடுத்து வைத்திருந்தது இதற்குத்தான்.

நேற்று ரயிலடிக் கொட்டகையில் ஹாலோவேயின் புதுப் படம். நீ மார்ச்சில் பேசியது. நானும் எர்னாவும் போனோம். ஞாயிற்றுக்கிழமை, கொட்டகை நிறைய ஆட்கள். நம் நாடகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இப்போது மறுபடி டிக்கெட் கிடைக்காமல் திரும்பிப் போகிறார்களே, அந்த ஆட்களே பாதிப் பேர். மருந்துக்கடைக்காரரும் அவர் சம்சாரமும் எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தபால்காரரும் இருந்தார்.

ஆரம்பத்தில் வழக்கம்போலத் தூசி, குதிரை, மலை. ஹாலோவே குதிரையை விட்டு இறங்கினான். மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றான். துப்பாக்கியில் கை வைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் வாயைத் திறந்தான். இன்னும் முதல் வசனம் முடியக் கூட இல்லை, பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர் சம்சாரம், "அட, நம்ம ப்ரிங்க்மான்" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள், ஹார்ட்முட். "யாரு?" என்றார் அவள் புருஷன். "விடுதிக்காரருங்க. ப்ரிங்க்மான். கேளுங்களேன்." வரிசை முழுக்க ப்ரிங்க்மான், ப்ரிங்க்மான் என்று பேச்சு ஓடிற்று. திரையில் அந்தப் பாவப்பட்ட அமெரிக்காக்காரன் நாலு பேரைச் சுடப்போகிறான், அவனை யார் பார்த்தார்கள்? அப்போது முன்வரிசையிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டுச் சொன்னார், "வந்தது வந்தீங்க, கதவைச் சாத்துங்க, குளிர் அடிக்குது." கொட்டகையே சிரித்தது. நான் மிட்டாயை விழுங்கிவிட்டேன். எர்னா முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அவன் குதிரை மேல் ஏறி ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தான். தபால்காரர் உடனே எழுந்துவிட்டார். "இது அவர் இல்ல. அவர் இதைவிட நல்லாப் பாடுவாரு" என்று சொல்லிவிட்டு சிகரெட் பிடிக்க வெளியே போனார்.

வீடு வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷம்தான், வேறு ஒன்றுமில்லை. நீ கேட்டது ஒருத்தர். உனக்கு ஊரே சொல்லிவிட்டது.

மே எட்டாம் தேதி கடைசி ஆட்டம். எட்டாம் தேதி வரைக்கும் தூ தூ தூ. பதில் எழுதாதே. திரை இறங்கிய பிறகு நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம், நம் தொழிலில் அதற்குத் தடை இல்லை. நிதானமாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலுக்கு டிக்கெட் எடுக்காமல் வா.

ரோஸி